கையில் தெளிவாக, மேசையில் மங்கலாக: சிறு படைவீரர்களுக்கு வண்ணம் பூசுவது பற்றி

மேசைமேல் ஆடும் போர் விளையாட்டுக்காக, 28 மி.மீ. உயரமுள்ள இருபது பிளாஸ்டிக் காலாட்படை வீரர்களுக்கு வண்ணம் பூசியிருக்கிறீர்கள். கையில் எடுத்துப் பார்த்தால் நன்றாக இருக்கிறது. ஆட்ட மேசையில் நிறுத்தினால் எல்லாம் ஒரே பழுப்புக் கூட்டமாகத் தெரிகிறது. சில ஆட்டங்களுக்குள் ஈட்டி முனையிலும் தோளிலும் வண்ணம் உரிந்துவிட்டது. வண்ணத்தைப் பாதுகாக்கக் கடைசியாக அடித்த, பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் சில வீரர்கள் மேல் வெண்மையாகப் பூத்துவிட்டது. ஆகவே விலை உயர்ந்த தூரிகையும் வேறு நிறுவனத்தின் வண்ணமும் வாங்க வேண்டுமா என்று கேட்கிறீர்கள். அந்தக் கேள்விக்கு அடியில் ‘என் கைக்கு இது வராதா?’ என்ற இன்னொரு கேள்வி இருப்பதாக எனக்குப் படுகிறது. வரும். அருகில் பார்க்கும்போது ஒழுங்காகத் தெரியும் அளவுக்குப் பூசத் தெரிந்த கையில் குறை ஒன்றும் இல்லை. நீங்கள் சொல்லும் மூன்று குறைகளுக்கும் மூன்று தனித்தனிக் காரணங்கள் உண்டு. தூரிகையின் விலைக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. பல ஆண்டுகளாக இந்த உருவங்களுக்கு வண்ணம் பூசுகிறேன், புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் செய்கிறேன். ஆனாலும் உங்கள் வீரர்களை நான் நேரில் பார்க்கவில்லை. அதனால் உறுதியாகச் சொல்லக்கூடியதையும் ஊகமாகச் சொல்வதையும் பிரித்தே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பழுப்புக் கூட்டத்தை எடுத்துக்கொள்வோம். 1.7 மீட்டர் உயரமுள்ள மனிதரை 28 மி.மீ. ஆக்கினால் ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்காகச் சுருக்கியிருக்கிறோம். அப்படியானால், உங்கள் கண்ணிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி மேசையில் நிற்கும் வீரர், அறுபது மீட்டருக்கு அப்பால் நிற்கும் முழு மனிதரின் அளவில்தான் தெரிவார். அறுபது மீட்டரில் நிற்பவரின் சட்டைப் பொத்தானை நாம் பார்ப்பதில்லை. கண்ணின் வெள்ளையும் தெரியாது. முகம் ஒரு வெளிர் புள்ளியாகத் தெரியும், கைகள் தெரியும், மேலாடைக்கும் கால்சட்டைக்கும் உள்ள நிற வேறுபாடு தெரியும், தோளிலும் தொப்பியிலும் விழும் வெளிச்சம் தெரியும். நல்ல பார்வையுள்ள கண் பிரித்தறியும் மிகச் சிறிய கோணம் பாகையில் அறுபதில் ஒரு பங்கு என்பார்கள். ஒரு மீட்டர் தூரத்தில் அது சுமார் 0.3 மி.மீ. அதைவிடச் சிறிய நுணுக்கம் தனியாகத் தெரியாமல் பக்கத்து நிறத்தோடு கலந்துவிடுகிறது. கரும்பச்சை மேலாடை, பழுப்பு வார், பழுப்புக் காலணி, அதன் மேல் முழுவதும் ஒரு பழுப்பு வாஷ் (பள்ளங்களில் தங்கும் நீர்த்த வண்ணம்) என்று பூசினால், தூரத்தில் கண் இவற்றின் சராசரியைத்தான் காணும். அந்தச் சராசரிதான் நீங்கள் பார்த்த சேற்று நிறம். நீங்கள் எழுதிய வண்ணப் பட்டியலில் இந்த நிறங்களே இருக்கின்றன என்பதால் இதை ஓரளவு நிச்சயமாகவே சொல்கிறேன்.

இதோடு வெளிச்சத்தின் பங்கும் உண்டு. ‘சிறிய பொருளில் நிழல் விழாது’ என்று இந்தப் பொழுதுபோக்கில் அடிக்கடி சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. ஒளி ஒரே கோணத்தில் விழுந்தால் நிழலின் வடிவம் பெரிய உருவத்திலும் சிறிய உருவத்திலும் ஒன்றுதான்; உருவத்தோடு சேர்ந்து நிழலும் சுருங்குமே தவிர மறைந்துவிடாது. வேறுபாடு ஒளி வரும் இடத்தில் இருக்கிறது. வானத்தில் சூரியனின் அகலம் அரைப் பாகைதான்; அதனால் வெயிலில் நிற்பவரின் உடை மடிப்புகளில் கூர்மையான நிழல் விழுகிறது. அறைக்குள் சன்னல், கூரை விளக்கு, வெள்ளைச் சுவர் எல்லாம் பல திசைகளிலிருந்தும் ஒளியைத் தருகின்றன. மடிப்பின் பள்ளத்துக்குள்ளும் ஒளி புகுந்துவிடுகிறது. மிஞ்சும் மெல்லிய நிழல், கண் பிரித்தறியும் எல்லைக்குக் கீழே போய்விடுகிறது. ஆகவே நிழலையும் வெளிச்சத்தையும் நாம்தான் வண்ணத்தால் பூச வேண்டும், அதுவும் கையில் பிடித்துப் பார்க்கும்போது ‘இது கொஞ்சம் அதிகமோ’ என்று தோன்றும் அளவுக்கு. மேடை நடிகரின் ஒப்பனை முகத்துக்கு நேரே பார்த்தால் மிகையாகவும் கடைசி வரிசையிலிருந்து பார்த்தால் இயல்பாகவும் இருப்பதைப் போன்றது இது. நீங்கள் முகத்துக்கு நேரே வைத்துப் பார்த்தே ஒவ்வொரு முறையும் நிறுத்தியிருக்கிறீர்கள்.

எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதற்கு ஒரு சோதனை உண்டு. செலவில்லாதது, பொய் சொல்லாதது. ஒரு வீரரைக் கைப்பேசியில் படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். முகம், மேலாடை, வார், காலணி எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் உங்களுக்குக் குறைவது நிறங்கள் அல்ல; வெளிர்ப்புக்கும் கருமைக்கும் உள்ள இடைவெளி. ஒவ்வொரு நிறத்துக்கும் நிழல், நடு, வெளிச்சம் என்று மூன்று படிகள் வைத்துக்கொள்வது பழைய, நம்பகமான வழி. பிரிட்டனின் ஃபவுண்ட்ரி நிறுவனம் வண்ணங்களையே இப்படி மும்மூன்றாகச் சேர்த்து விற்றது. அந்த முறையில் நிழல் நிறம் முழுப் பரப்பிலும், நடு நிறம் மேடுகளிலும், வெளிச்ச நிறம் அந்த மேடுகளின் உச்சியிலும் வருகிறது. படிகளுக்கு இடையே நிறம் இழைந்து ஓட வேண்டியதில்லை. ஒரு மீட்டரில் கண் அதைத் தானே இழைத்துக்கொள்ளும். நிற மாற்றத்தை மென்மையாக்குவதற்கே பெரும்பாலான புதியவர்கள் நேரத்தைச் செலவிடுகிறார்கள். போட்டிக்கு அனுப்பும் தனி உருவத்துக்கு அது வேண்டும். இருபது பேர் கொண்ட படைக்கு அது வீண் உழைப்பு என்பது என் கருத்து.

வெளிச்ச நிறத்தை எப்போதும் வெள்ளை கலந்தே செய்யாதீர்கள். சிவப்பில் வெள்ளை கலந்தால் இளஞ்சிவப்பு ஆகிவிடும். செம்மஞ்சளோ தோல் நிறமோ கலந்தால் சிவப்பாகவே இருந்து வெளிச்சம் வாங்கும். பச்சையில் மஞ்சளோ தந்த நிறமோ கலக்கலாம். கறுப்பு உடைக்கு நீலச் சாம்பல் ஓரம் போதும். நிழலுக்கும் வெறும் கறுப்பு வேண்டாம். சிவப்புக்குக் கரும்பழுப்பு, மஞ்சளுக்குச் செம்பழுப்பு என்று அந்த நிறத்தின் உறவிலேயே தேடுங்கள். மஞ்சளும் சிவப்பும் எத்தனை முறை பூசினாலும் அடியை மறைக்கவில்லை என்ற எரிச்சல் உங்களுக்கும் இருந்திருக்கும். அது வண்ணத்தின் தரக்குறைவாக இருக்க வேண்டியதில்லை. அந்த நிறங்களில் பயன்படும் கரிமச் சாயப்பொருள்கள் பல இயல்பிலேயே ஒளி ஊடுருவக்கூடியவை. வெள்ளைக்குப் பயன்படும் டைட்டானியம் டை ஆக்சைடு நன்றாக மறைக்கும். மஞ்சளுக்குக் கீழே முதலில் வெளிர் பழுப்போ இளஞ்சிவப்போ பூசிவிட்டால், மேலே இரண்டு மெல்லிய பூச்சுகளில் வேலை முடியும்.

எங்கே வெளிச்சம் வைப்பது என்பதுதான் மேசையில் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நாம் இந்த உருவங்களை மேலிருந்து சாய்வாகப் பார்க்கிறோம். தொப்பியின் மேற்புறம், தோள்கள், மூக்கு, கைமுட்டிகள், முதுகுப்பையின் மேல்மூடி, இவைதான் கண்ணில் முதலில் படுகின்றன. முகத்துக்கு எல்லாவற்றையும்விட அதிக வெளிச்சம் கொடுங்கள். நெற்றி, மூக்கின் தண்டு, கன்னமேடு, முகவாய் ஆகிய நான்கு இடங்களில் வெளிர் தோல் நிறம் வைத்தால் முகம் உயிர் பெறுகிறது. சாதாரணப் படைவீரனுக்குக் கண்ணைத் தனியே வரைய வேண்டியதில்லை; புருவத்தடியில் நல்ல நிழல் இருந்தால் பார்ப்பவரே கண்ணைக் கற்பித்துக்கொள்வார். தளபதிக்கு வேண்டுமானால் வரையுங்கள். அடுத்தது, இரண்டு பொருள்கள் சந்திக்கும் கோடு: வாரும் மேலாடையும், கையும் துப்பாக்கியும், கழுத்துப்பட்டையும் கழுத்தும் சேரும் இடங்களில் மெல்லிய கருங்கோடு விட்டுவிடுங்கள். நுணுக்கம் தெரியாத தூரத்திலும் இந்தப் பிரிவு உருவத்தைத் தெளிவாக்குகிறது. ஓர் ஈட்டி முனையின் ஒரு பக்கத்தை வெளிறவும் மறுபக்கத்தை இருளவும் விட்டாலே அது உலோகமாகத் தெரிந்துவிடும்.

வாஷ் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் சேற்று நிறத்துக்குப் பெரும்பங்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன். பள்ளங்களில் ஓடித் தங்குவதற்காகவே நீர்த்த வண்ணம் அது. ஆனால் மேடுகளிலும் மெல்லிய படலமாக நின்று எல்லா நிறங்களையும் ஒரு படி இருளச் செய்துவிடும். எனவே வாஷ் முடிவல்ல, நடுக்கட்டம். பூசியதும் தேங்கிய இடங்களிலிருந்து ஈரத் தூரிகையால் உறிஞ்சி எடுங்கள். முழுவதும் காய்ந்த பிறகு முதல் நிறத்தை மேடுகளில் மறுபடி பூசி, அதன் மேல் வெளிச்சம் வையுங்கள். அரைகுறையாகக் காய்ந்த வாஷ் மேல் தூரிகை பட்டால் வட்ட வட்டமான கறை விழும், அதைச் சரிசெய்வது தொல்லை. முகத்துக்குச் செம்பழுப்பு, வெள்ளை உடைக்கு வெளிர் சாம்பல் என்று இடத்துக்கேற்ப வாஷை மாற்றினாலே உங்கள் படை பாதி தெளிந்துவிடும்.

அடுத்த படைக்கு நீங்கள் வேறு வழியிலும் தொடங்கலாம். முழுவதும் கறுப்புப் பிரைமர் (வண்ணம் ஒட்டிப் பிடிப்பதற்கான அடிப்பூச்சு) அடித்து, மேலிருந்து சாய்வாக வெள்ளை அடித்தால், வெளிச்சம் எங்கே விழும் என்பதை உருவமே காட்டிவிடும். ஸ்ப்ரே வேண்டாம் என்றால் கறுப்பின் மேல் சாம்பலையும் பிறகு வெள்ளையையும், வண்ணத்தைப் பெரும்பாலும் துடைத்துவிட்ட உலர்ந்த தூரிகையால் மேடுகளில் உரசலாம். அதன் மேல் ஒளி ஊடுருவும் வண்ணங்களை ஒரே பூச்சாகப் பூசினால் நிழலும் வெளிச்சமும் தாமாக வந்துவிடும். 2019இல் பிரிட்டனின் சிற்றுருவ விளையாட்டு நிறுவனமான கேம்ஸ் வொர்க்‌ஷாப் தன் சிட்டடல் வண்ண வரிசையில் கான்ட்ராஸ்ட் என்ற இவ்வகை வண்ணங்களை வெளியிட்ட பிறகு இந்த முறை வெகுவாகப் பரவியது; இப்போது பல நிறுவனங்கள் அத்தகைய வண்ணங்களைத் தயாரிக்கின்றன. வெறும் கறுப்பின் மேல் அவை தெரியாது. அடியில் வெளிர்ப்பு இருந்தே ஆக வேண்டும். வார்னிஷ் அடிக்கும்வரை விரல் உரசலுக்கு அவை சாதாரண அக்ரிலிக்கைவிட எளிதில் இடம்கொடுக்கின்றன என்பதும் என் அனுபவம். சில வரிசைகளில், காய்ந்த பிறகும் மேலே ஈரம் பட்டால் கரையும் குணம் இருந்ததும் உண்டு. புதிதாக வாங்கினால், உருவத்தில் பூசும் முன் உடைந்த துண்டு ஒன்றில் பூசி, மறுநாள் ஈரத் தூரிகையால் தேய்த்துப் பாருங்கள்.

தூரத்து நிறங்கள் வெளிறித் தெரியும், ஆகவே சிறிய உருவங்களுக்கான எல்லா வண்ணத்திலும் வெளிர்ப்பு கலக்க வேண்டும் என்று ஒரு கொள்கையும் உண்டு. விமான மாதிரி செய்பவர்களிடையே இதைப் பற்றிய வாதம் ஓய்ந்ததே இல்லை. காற்றினூடே பார்க்கும் தொலைவை ஒரு மீட்டர் மேசைக்குப் பொருத்துவது சரியா என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது. ஆனால் நடைமுறையில், வரலாற்றுச் சீருடையின் உண்மையான கருநீலத்தைவிட ஒரு படி வெளிறிய நீலத்தை நடு நிறமாக எடுத்தால் மேசையில் அது கருநீலமாகவே தெரிகிறது. உண்மையான கருநீலத்தைப் பூசினால் கறுப்பாகத் தெரிகிறது. கொள்கை எதுவானாலும் இதை நம்பிச் செய்யலாம்.

இன்னொன்று, பலரும் கடைசி ஐந்து நிமிடத்தில் முடித்துவிடும் அடித்தட்டு, அதாவது வீரர் நிற்கும் சிறு தட்டு. மேலிருந்து பார்க்கும்போது வீரரைச் சுற்றிக் கண்ணுக்குத் தெரிவது அதுதான். கரும்பழுப்பு வீரர் கரும்பழுப்பு மண்ணில் நின்றால் எவ்வளவு வெளிச்சம் வைத்தாலும் கால்கள் மறைந்துபோகும். உங்கள் இருபது வீரர்களுக்கும் நான் முதலில் செய்யச் சொல்வது இதைத்தான்: அடித்தட்டின் மணலை வெளிர் மணல் நிறமாக்குங்கள். பிவிஏ எனும் வெள்ளைப் பசையில் மணலை ஒட்டி, காய்ந்ததும் நீர்த்த பசையை மேலே ஒருமுறை விட்டால் மணல் உதிராது. நடுத்தரப் பழுப்பு, அதன் மேல் உலர் தூரிகையில் மணல் நிறம், கடைசியாக மேடுகளில் மட்டும் தந்த நிறம். ஓரிரு புல் கொத்துகளை ஒரு பக்கமாக ஒட்டுங்கள். நடுவில் சமச்சீராக ஒட்டினால் செயற்கையாக இருக்கும். தட்டின் விளிம்பை எல்லா வீரர்களுக்கும் ஒரே நிறத்தில் சுத்தமாகப் பூசிவிடுங்கள். ஒரே மாதிரி விளிம்பும் ஒரே மண்ணும் இருந்தால், வெவ்வேறு காலத்தில் பூசிய வீரர்கள்கூட ஒரே படையாகச் சேர்ந்துவிடுகிறார்கள். இந்த ஒரு வேலை தரும் பலன் வேறெதிலும் இவ்வளவு விரைவாகக் கிடைத்து நான் பார்த்ததில்லை.

இப்போது உரிதல். இதற்கு உங்களிடமே ஒரு தடயம் இருக்கிறது. உரிந்த இடத்தை உற்றுப் பாருங்கள். பிளாஸ்டிக்கின் சொந்த நிறம் தெரிந்தால் பிரைமர் பிடிக்கவில்லை. பிரைமரின் நிறம் தெரிந்தால் பிரைமர் நன்றாக இருக்கிறது, மேலிருந்த வண்ணம்தான் தேய்ந்திருக்கிறது. முதலாவது என்றால் பெரும்பாலும் பரப்பில் எண்ணெய்ப் பசை இருந்திருக்கும்: அச்சிலிருந்து எளிதில் கழல்வதற்காகப் பூசிய பொருள், அல்லது விரலின் எண்ணெய். பாலியூரிதேன் ரெசின் உருவங்களில் இந்த அச்சுப் பூச்சு கட்டாயம் கழுவ வேண்டிய அளவுக்கு இருக்கும். கடினப் பாலிஸ்டைரீனில் பல சமயம் இருப்பதே இல்லை. எதுவானாலும் வெதுவெதுப்பான சோப்பு நீரில் பழைய பல்துலக்கியால் தேய்த்துக் காயவைப்பதில் நட்டமில்லை. பிரைமரை மிகத் தொலைவிலிருந்து அடித்திருந்தாலும் துளிகள் காற்றிலேயே பாதி காய்ந்து பொடியாகப் படியும். தொட்டால் சொரசொரப்பாக இருக்கும், ஒட்டும் திறனும் குறையும். பெரும்பாலான ஸ்ப்ரேக்களுக்கு 20 முதல் 30 செ.மீ. தூரம் ஏற்றது. டப்பாவை ஒன்றிரண்டு நிமிடம் நன்றாகக் குலுக்கி, உருவத்துக்கு வெளியே தொடங்கி வெளியே முடியும்படி வீசி வீசி அடியுங்கள். திறந்த வெளியில், ஆவியைத் தடுக்கும் முகக்கவசத்தோடு செய்ய வேண்டிய வேலை இது.

தேய்ந்தது மேல் வண்ணம் மட்டும் என்றால் காரணம் வேறு. கூர்மையான ஓரங்களிலிருந்து ஈரமான வண்ணம் பின்வாங்கும். பரப்பு இழுவிசை அதை இழுத்துக்கொள்வதால் முனைகளில் படலம் எப்போதும் மெல்லியதாகவே அமைகிறது. விரல் முதலில் படுவதும் அந்த முனைகளில்தான். தண்ணீர் அதிகம் கலந்தால் சாயப்பொருளைப் பிடித்துவைக்கும் அக்ரிலிக் பிசினும் நீர்த்துப்போகும். எந்த அளவுக்கு மேல் அது ஆபத்து என்பதில் ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள். எந்தக் கணக்கையும் நான் நம்புவதில்லை. மிக நீர்த்த வண்ணம் தேவைப்படும்போது தண்ணீரோடு கொஞ்சம் மேட் மீடியமும் (சாயம் சேராத அக்ரிலிக் பிசின்) கலந்துவிடுகிறேன். வளையும் மென்மையான ஈட்டிகளில் இன்னொரு சிக்கல் உண்டு: ஈட்டி வளையும், வண்ணப் படலம் அந்த அளவுக்கு வளையாமல் விரிசல் விடும். அந்த ஈட்டிகளை வெட்டிவிட்டு எஃகுக் கம்பியில் புதிதாகச் செய்து கையில் துளையிட்டுப் பொருத்துவது பழைய போர் விளையாட்டுக்காரர்களின் வழி. அதைவிட நல்ல தீர்வு இல்லை. ஆனால் எஃகுக் கம்பி வளையாமல் குத்தும், குழந்தைகள் ஆடும் மேசையில் அது வேண்டாம்.

நீங்கள் கேட்காவிட்டாலும், பிற பொருள்களுக்கு மாறினால் உதவும் என்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மென்மையான பிவிசி உருவங்களில் சில ஸ்ப்ரே பிரைமர்கள் காயாமல் பிசுபிசுவென்றே இருந்துவிடும். அங்கே தூரிகையால் பூசும் நீர்வழிப் பிரைமர் நம்பகமானது. முப்பரிமாண அச்சில் வந்த ரெசின் உருவத்தைக் கழுவி, புற ஊதா ஒளியில் முழுமையாக இறுகவைத்த பிறகே வண்ணம் பூச வேண்டும். தேய்க்கும்போது ஈரமாகவே தேயுங்கள், அந்தத் தூளைச் சுவாசிக்கக் கூடாது. பழைய உலோக உருவங்கள் பலவற்றில் ஈயம் உண்டு. அவற்றைக் கையாண்டால் கையைக் கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள். அவற்றை மர அலமாரியில், குறிப்பாக ஓக் மரத்தில் அடைத்து வைக்கவும் கூடாது. மரத்திலிருந்து வரும் அசெட்டிக் அமில ஆவி ஈயத்தை அரித்து வெண்பொடியாக்கிவிடும்.

வார்னிஷின் வெண்பூச்சுக்கு வருகிறேன். மேட் வார்னிஷில் பளபளப்பைக் கொல்வதற்காக மிக நுண்ணிய சிலிக்காத் துகள்கள் சேர்க்கப்படுவது வழக்கம். அவை அடியில் படிந்துவிடும். குலுக்காமல் அடித்தால் முதலில் தெளிந்த பகுதியும் பிறகு துகள் மிகுந்த பகுதியும் வெளிவரும். துகள் மிகுந்த பூச்சு வெண்மையாகத் தெரியும். மிகத் தடிமனாக அடித்தாலும் இதே கதி. இரண்டாவது காரணம் ஈரப்பதம். ஸ்ப்ரேயின் கரைப்பான் ஆவியாகும்போது பரப்பு குளிர்கிறது. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் அது பூச்சின் மேல் படிந்து, படலத்தை மங்கச் செய்கிறது. எல்லா வீரர்களும் பூக்காமல் சிலர் மட்டும் பூத்திருப்பதால், உங்கள் விஷயத்தில் குலுக்கல் போதாததோ ஒரே இடத்தில் தடிமனாக விழுந்ததோ காரணமாக இருக்கலாம் என்று ஊகிக்கிறேன். ஒரே நாளில், ஒரே வேளையில் எல்லோருக்கும் அடித்தீர்கள் என்றால் அந்த ஊகம் வலுப்படும். வெவ்வேறு நாள் என்றால் வானிலையைச் சந்தேகியுங்கள்.

பூத்த வீரர்களைப் பெரும்பாலும் காப்பாற்றிவிடலாம். வண்ணத்தை உரித்துவிட்டு முதலிலிருந்து தொடங்க அவசரப்படாதீர்கள். நீர்வழிப் பளபளப்பு வார்னிஷைத் தூரிகையால் மெல்லியதாக ஒரு பூச்சுப் பூசுங்கள். வெண்மைக்குக் காரணம் பரப்பின் நுண்ணிய மேடுபள்ளங்கள் ஒளியைச் சிதறடிப்பதுதான் என்றால், பளபளப்பு வார்னிஷ் அந்தப் பள்ளங்களை நிரப்ப, அடியிலிருந்த நிறம் திரும்ப வந்துவிடும். அது முழுவதும் காய்ந்த மறுநாள், நன்றாகக் குலுக்கிய மேட் வார்னிஷை மீண்டும் மெல்லியதாகப் பூசலாம். துகள்கள் தடித்த பூச்சுக்குள்ளேயே சிக்கியிருந்தால் இது ஓரளவுக்குத்தான் பலிக்கும். அப்போது மேலே வெளிச்ச நிறங்களை மறுபடி பூசுவதுதான் வழி. ஆலிவ் எண்ணெயைத் தடவினால் வெண்மை போய்விடும் என்று சொல்வார்கள். எண்ணெயும் பள்ளத்தை நிரப்புவதால் உடனே நிறம் தெளிவது உண்மைதான். ஆனால் எண்ணெய் மேல் அடுத்த பூச்சு பிடிக்காது, தூசியும் ஒட்டும். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

இனிமேல் ஸ்ப்ரே இல்லாமலே முடித்துப் பாருங்கள். தூரிகையால் பூசும் வார்னிஷுக்கு வானிலை பெரிய தடையில்லை. கடைசி வண்ணம் பூசி ஒரு முழு நாள் விட்டு, முதலில் பளபளப்பு, அடுத்த நாள் மேட் என்று இரண்டு மெல்லிய பூச்சுகள் என் வழக்கம். பளபளப்பு வார்னிஷ் தேய்மானத்தை அதிகம் தாங்கும், மேட் வெறும் தோற்றத்துக்குத்தான் என்பது பரவலான நம்பிக்கை. துகள் சேராத படலம் சற்று உறுதியாக இருக்கும் என்பதில் தர்க்கம் உண்டு, ஆனால் இரண்டு பூச்சு ஒன்றைவிடத் தடிமனானது என்பதே பலனில் பாதிக்குக் காரணமாக இருக்கலாம். உலோக வண்ணங்களின் மினுக்கம் அவற்றிலுள்ள மைக்கா அல்லது அலுமினியச் செதில்களால் வருகிறது. மேட் வார்னிஷ் அதை அணைத்துவிடும். எனவே வாள், கவசம், ஈட்டி முனை ஆகியவற்றின் மேல் கடைசியாகப் பளபளப்பு வார்னிஷை மறுபடி தொட்டுவிடுங்கள். மினுங்கும் இரும்பும் மங்கலான துணியும் அருகருகே வரும்போது உருவத்தின் அழகே தனி.

கடைசியாக நீங்கள் வெளிப்படையாகக் கேட்ட கேள்வி. வின்சர் அண்ட் நியூட்டனின் சீரீஸ் 7 போன்ற கொலின்ஸ்கி (ஒருவகை மரநாய் இனம்) முடித் தூரிகை அருமையான கருவி. கூர்முனையும் பருத்த நடுப்பகுதியில் வண்ணம் தாங்கும் திறனும் சேர்ந்தே வரும். முகத்துக்கும் கருங்கோட்டுக்கும் ஒன்று, அதுவும் மிகச் சிறிய அளவில் வேண்டாம், ஒன்றாம் எண்ணில் வாங்கினால் போதும். அதில் உலோக வண்ணத்தைத் தொடாதீர்கள், உலர் தூரிகை வேலைக்கு எடுக்காதீர்கள், உலோகப் பட்டைக்குள் வண்ணம் ஏறவிடாதீர்கள், சோப்பில் கழுவி முனையை விரலால் கூராக்கி வையுங்கள், வாயில் வைத்துக் கூராக்காதீர்கள். ஆனால் அதைவிட முன்னதாக வாங்க வேண்டியது நல்ல விளக்கு: 5000 முதல் 6500 கெல்வின் வரையிலான பகல் வெளிச்சம், நிறங்களைச் சரியாகக் காட்டும் மதிப்பு (CRI) 90க்கு மேல். வண்ணம் கலக்க உதவும் ஈரத் தட்டை வீட்டிலேயே செய்துகொள்ளலாம். மூடியுள்ள தட்டையான டப்பா, ஈரப் பஞ்சு, அதன் மேல் பேக்கிங் காகிதம். வண்ணம் மணிக்கணக்கில் காயாமல் இருக்கும். வேறு நிறுவனத்தின் வண்ணம் வாங்குவதால் உங்கள் மூன்று குறைகளில் எதுவும் தீராது.

ஆகவே இருபது பேரையும் ஒரே நாளில் எடுக்காமல், பூத்த ஒருவரையும் பூக்காத ஒருவரையும் மட்டும் எடுங்கள். முதலாமவருக்குப் பளபளப்பு வார்னிஷ். இருவருக்கும் அடித்தட்டை வெளிறச் செய்யுங்கள், முகம், தோள், கைகளில் நீங்கள் துணியும் அளவைவிட ஒரு படி அதிகமாக வெளிச்சம் வையுங்கள். பிறகு எதுவும் செய்யாத மூன்றாமவரோடு அவர்களை மேசையில் நிறுத்தி, நின்றபடி ஒரு மீட்டர் தள்ளிப் பாருங்கள். வேறுபாடு போதுமென்றால் மீதமுள்ளவர்களுக்கு அதையே செய்யுங்கள். போதாவிட்டால் கறுப்பு வெள்ளைப் படத்தையும், உரிந்த இடத்தில் தெரியும் நிறத்தையும், எந்தப் பிரைமர் அடித்தீர்கள் என்பதையும் இங்கே எழுதுங்கள். அந்த மூன்றும் இருந்தால் ஊகத்துக்கு இடமில்லாமல் பதில் சொல்ல முடியும். ஆட்டத்தின்போது வீரர்களை ஈட்டியைப் பிடித்துத் தூக்காமல் அடித்தட்டைப் பிடித்து நகர்த்துங்கள்; தட்டுக்கு அடியில் சிறிய நியோடிமியம் காந்தம் ஒட்டி, இரும்புத் தகடு பதித்த பெட்டியில் நிற்கவைத்தால் பயணத்தில் ஒருவரோடொருவர் உரசிக்கொள்ள மாட்டார்கள்.